பாதியில் நின்ற நகல்கள்

மரக்காணத்தில் ஒரு உப்பு ஆபீஸில் பெருக்கித் துடைத்து டீ வாங்கித் தருவது என் வேலை. போன மாசியில் ஒருநாள், ஆபீஸ் மெயிலையெல்லாம் வைத்திருக்கும் சர்வர் திறக்கவில்லை. மெயிலைக் கிளவுடுக்கு மாற்றப் புதுச்சேரியிலிருந்து ஒரு பெண் வருவதாக இருந்தது. அவள் வர இரண்டு நாள் இருக்கும்போது இப்படி.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. உப்பளத்து நிலம் சர்க்கார் குத்தகை நிலம். அதைப் புதுப்பிக்க எழுதியதும், வந்த பதிலும் அந்த சர்வருக்குள்தான். அடுத்த வாரம் அதிகாரிகளிடம் காட்டாவிட்டால் பாத்தியில் யாரும் இறங்க முடியாது. என் தங்கையும் அங்கேதான் உப்பு வாருகிறாள்.

அந்தப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"ரிப்பேர்னு ஒண்ணு இருக்காமே, அதைப் போட்டுடும்மா" என்றார் மேனேஜர்.

"போட்டா, படிக்க முடியாததையெல்லாம் அதுவே தூக்கிப் போட்டுடும் சார். அதுல உங்க குத்தகை லெட்டர் இருந்தா?"

மேனேஜர் தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார்.

கெட்டுப்போனதை அப்படியே ஒரு நகல் எடுத்தாள். அதற்கப்புறம் அசலைத் தொடவேயில்லை, நகலில்தான் வேலை. ஆபீஸுக்கு வருகிற மெக்கானிக்குகள் முன்னே வந்த ஆளைத் திட்டித்தான் வேலையை ஆரம்பிப்பார்கள். இவள் ஒருத்தரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சர்வரே தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு நகல் எடுக்குமாம். அப்படி எடுத்தவை வரிசையாகக் கிடந்தன. வெளியில் பார்க்க எல்லாம் ஒரே மாதிரி. திறந்தால் பாதியில் நிற்கிறது. ஒன்றைச் சரிபார்க்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டாம் நாள் மதியத்துக்குள் நான்கு பார்த்துவிட்டாள். நான்கும் அரைகுறை.

"சாயங்காலத்துல கரெண்டு போவுமா சார்?"

"சேச்சே, அதெல்லாம் போவாது."

டீ கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. உப்புக் காற்றில் ஃபியூஸ் கட்டை பொறி கக்கும். அதனால் இங்கே எந்த உப்பு ஆபீஸிலும் பூட்டும்போது மெயினை அணைத்துவிட்டுத்தான் போவோம், காலையில் திறக்கும்போது போடுவோம். அந்த மெஷின் வருவதற்கு முன்பிருந்தே அது என் பழக்கம். சர்வரோடு இருக்கும் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கியிருக்கும், அப்புறம் பட்டென்று அணைந்திருக்கும். தினமும்.

சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். மேனேஜர் போன் பேச வெளியே போனதும் அவள் நாற்காலி பக்கத்தில் போய் நின்றேன்.

"மேடம், தெனம் நான்தாங்க மெயினை அமுக்குறேன்."

திரும்பினாள். கோபமே இல்லை. "எத்தினி மணிக்கு ஆயா?"

"ஆறே கால் இருக்கும்."

"அமுக்காம விட்ட நாள் ஏதாச்சும் இருக்கா?"

"பொங்கல் முடிஞ்சி மவ பிரசவத்துக்குப் பெருமுக்கல் போயிட்டேன். ஒரு வாரம் சார்தான் பூட்டினாரு."

"அவரு எங்க அமுக்கப் போறாரு!" என்று சிரித்தாள்.

அந்த வாரத்துக் கடைசி நகலைத் திறந்தாள். முழுசாக இருந்தது. வருகிற ஒவ்வொரு மெயிலையும் சர்வர் முதலில் சின்னச் சின்னக் குறிப்பாக எழுதி வைக்குமாம். பொங்கலுக்கு அப்புறம் எழுதியவை கெடாமல் இருந்தன. அவற்றை அந்த நகலின் மேல் ஒவ்வொன்றாக ஏற்றினாள். நாலு மணிக்கெல்லாம், சர்வர் நின்ற நாள் காலைவரை வந்த மெயில் அத்தனையும் வந்துவிட்டது.

விஷயம் கேட்டு மேனேஜர் கத்தினார். "அடிப்பாவி, நீதானா அது!"

"அமுக்காதேன்னு யாராச்சும் சொன்னீங்களா சார்? ஆயா சொல்லலேன்னா இன்னும் ஒவ்வொண்ணா திறந்துகிட்டு இருந்திருப்பேன்."

அவர் குத்தகைக் கடிதத்தைத் தேடி எடுத்து மூன்று பிரதி அச்செடுத்தார்.

"கிளவுடுக்குப் போறதைப் பேப்பர்ல எடுக்குறீங்களே சார்!"

"நீ அனுப்பு தாயே. நான் இதைக் கையில பிடிச்சிக்கிறேன்."

மறுநாள் எல்லாம் ஏறி முடிந்ததும், ஆபீஸில் ஒவ்வொருத்தரையும் உட்காரவைத்து அவரவர் மெயில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். அடுத்த வாரம் மேனேஜர் காகிதத்தோடு அதிகாரிகளைப் பார்த்துவிட்டு வந்தார். பாத்தியில் ஒருநாள்கூட வேலை நிற்கவில்லை.