படுத்துப் பார்த்து முடிவு

வலது உள்ளங்கையை மெத்தையின் நடுவில் வைத்து இரண்டு அழுத்து அழுத்துகிறார். விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, லேபிள் நேற்றைக்கு இன்று மாறிவிட்டதோ என்பதுபோல உற்றுப் பார்க்கிறார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளை விரித்து, மல்லாக்கத் தொப்பென்று விழுகிறார். வாங்க வந்த குடும்பம் ஓரடி பின்வாங்குகிறது. கூரையைப் பார்த்தபடியே சொல்கிறார்: "நின்னுக்கிட்டு முடிவு பண்ணாதீங்க சார். படுத்துப் பார்த்து முடிவு பண்ணுங்க."

மெத்தைக் கடை விற்பனையாளரான அவர் பதினேழு வருடமாக இப்படி விழுந்துகொண்டிருக்கிறார். விழுந்த பிறகு வருவதுதான் அவருடைய பேச்சின் சிகரம். "என் இடுப்புல ரெண்டு டிஸ்க் நகந்து போச்சு. டாக்டருங்க கத்தியோட நின்னாங்க. இந்த மெத்தைதான் சார் என்னைக் காப்பாத்துச்சு." டிஸ்க் நகர்ந்தது சத்தியம். காப்பாற்றிய மெத்தை மட்டும் வாரந்தோறும் மாறும். கடையில் எது தேங்கிக் கிடக்கிறதோ அது. வீட்டில் அவர் படுப்பது தரையில், நாலாக மடித்த போர்வையின் மேல். இது வியாபார ரகசியம்.

போன மாதம் இடது கால் மரத்துப்போகத் தொடங்கியது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, நரம்பு நசுங்குகிறது, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் பாதம் சொன்ன பேச்சு கேட்காது என்றார். நம்மவர் விடுவாரா? வாடிக்கையாளர்கள் தன்னைக் கேட்கும் கேள்விகளை வரிசை மாறாமல் அவரிடம் கேட்டார்.

"எத்தனை வருஷம் சார் கேரண்டி?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிடிக்கலைன்னா மாத்திக்கலாமா?"

"மாத்திக் குடுக்க எங்கிட்ட வேற முதுகு இல்லீங்க," என்ற டாக்டர், அடுத்த திங்கட்கிழமைக்கு நாள் குறித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து கடை ஒரு தேர்தல் களமானது. மெத்தை வாங்க வந்தவர், வாங்காமல் போனவர், வழி கேட்க நுழைந்தவர் என்று யாரையும் விடவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது முதுகு ஆபரேஷன் பண்ணியிருக்காங்களா? நான் பண்ணலாமா, வேண்டாமா?" பழைய லேபிள் ஒன்றின் பின்பக்கத்தில் கோடு கிழித்து வாக்குகளைப் பதிந்துவந்தார். வேண்டாம், இருபத்து மூன்று. வேண்டும், பத்தொன்பது. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னவர் ஒருவர். அதைச் செல்லாத வாக்கு என்று ஒதுக்க மனம் வராமல் தனியாக எழுதி வைத்திருந்தார்.

சனிக்கிழமை ஒரு தாயும் மகளும் வந்தார்கள். வழக்கம்போல விழுந்தார். வழக்கத்துக்கு மாறாக எழ முடியவில்லை. இடுப்பு பூட்டிக்கொண்டது. ஆனால் வாய் பூட்டிக்கொள்ளவில்லையே. படுத்த வாக்கிலேயே பஞ்சு, ஸ்பிரிங், ரப்பர் என்று விளக்கிக்கொண்டு போனார். அரைமணி நேரம் ஆயிற்று. வேறு ஆட்களும் கூடிவிட்டார்கள்.

"இவ்ளோ நேரமா எந்திரிக்கவே இல்லையே, அவ்ளோ சொகமாவா இருக்கு?" என்று தாய் கேட்டார்.

"சொல்ல வார்த்தையே இல்லம்மா," என்றார் அவர். கண்ணோரம் நீர் வழிந்தது. அந்த அம்மாள் நெகிழ்ந்துபோய் இரண்டு மெத்தை வாங்கினார். மற்றவர்கள் மூன்று. கடையின் சரித்திரத்தில் அப்படி ஒரு மதியம் கிடையாது.

கூட்டம் கலைந்ததும் முதலாளியும் வண்டி ஓட்டுநரும் ஆளுக்கு இரண்டு மூலையாக அவரைத் தூக்கினார்கள். "மடக்காதீங்கப்பா, மடிப்பு விழுந்தா போகாது," என்று பழக்கதோஷத்தில் எச்சரித்தார். நிமிர்த்தி நிறுத்தி, செருப்பு இரண்டையும் ஓட்டுநரே மாட்டிவிட்டார். முதலாளி பூரித்துப் போயிருந்தார். "அண்ணே, ஆபரேஷன் எல்லாம் எதுக்குண்ணே? இனிமே படுத்தே வியாபாரம் பாருங்க." வேண்டாம், இருபத்து நான்கு. லேபிளைப் பையில் வைத்துக்கொண்டு வெற்றிக் களிப்பில் வீட்டுக்கு நடந்தார்.

மனைவி ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவர். ஊசிக்கு ஓடுகிறவர்களைப் பேசியே உட்கார வைத்துப் பழகியவர். கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"இன்னொரு செருப்பு எங்கங்க?"

குனிய முடியாததால் கண்ணை மட்டும் இறக்கிப் பார்த்தார். வலது காலில் செருப்பு. இடது கால் வெறுங்கால். வரும் வழியில் ஒரு தெரு முழுக்க ஜல்லி கொட்டிக் கிடந்தது.

நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்தை மடியில் வாங்கி, ஒரு கண்ணாடிச் சில்லை இடுக்கியால் எடுத்தார் மனைவி. "வலிச்சுதா?"

"இல்லியே."

"அதான் பயமா இருக்கு."

பஞ்சை வைத்துக் கட்டியபின் கையை நீட்டினார். "அந்த ஓட்டுச் சீட்டைக் குடுங்க." முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "ஊரையே கேட்டிருக்கீங்க. என்னைக் கேக்கலையே."

"உன்னைக் கேட்டா நீ சொல்லிடுவியே."

மனைவி சிரித்துவிட்டார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம்மவர், "சரி, இப்ப கேக்கறேன். சொல்லு," என்றார்.

திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரி அறை. நர்ஸ் கட்டிலைக் காட்டி, "படுங்க சார்," என்றார். புதுச் செருப்பு இரண்டையும் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். வலது உள்ளங்கையை மெத்தையின் நடுவில் வைத்து இரண்டு அழுத்து அழுத்தினார். விரிப்பின் ஓரத்தைத் தூக்கி லேபிளைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். விரிப்பை இழுத்துச் சுருக்கம் நீக்கிவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு சத்தமும் எழாமல், மெல்லப் பக்கவாட்டில் படுத்தார்.