முதல் வரியில் வீடு திரும்பும் வண்டி

பிலோமினா அவர்கள் செவ்வாய்க்கிழமை காலை பிரேசர் டவுனில் தம் வீட்டில் காலமானார். மாரடைப்பு என்று மருத்துவர் சொன்னதாக அவருடைய தம்பி அந்தோணி தொலைபேசியில் தெரிவித்தார். முந்தின நாள் மாலைவரை அக்கா ஒரு பிஸ்கட் விளம்பரப் படத்துக்குப் பட்ஜெட் போட்டுக்கொண்டிருந்தார் என்றும் சொன்னார்.

அவர் கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். அடுகோடியில் ஒரு சிறிய விளம்பரப்பட நிறுவனத்தில் பட்ஜெட் போடுவது அவர் வேலை. ஒரு சோப்போ பிஸ்கட்டோ அரை நிமிடம் திரையில் தோன்ற, கேமரா வாடகை முதல் காலை இட்லிவரை என்ன ஆகும் என்று எழுதித் தருவார். நான் பணி ஓய்வு பெற்றபின் அந்தப் படங்களுக்குத் தமிழ் வாசகம் எழுதப் போனபோதுதான் அவரை அறிந்தேன்.

மற்றவர்களின் பட்ஜெட் இயக்குநரில் தொடங்கும். அவருடைய முதல் வரி, லைட்மேன்கள் வீடு திரும்ப வண்டி. இரண்டாவது, அவர்களுடைய சாப்பாடு. வானிலிருந்து படமெடுக்கும் ட்ரோன் கடைசிப் பக்கத்தில் கிடந்தது. காரணம் கேட்டேன்.

“க்ளையன்ட் கீழ இருந்துதான் சார் வெட்டுவாங்க. முதல் பக்கம் படிக்கிறப்போ எல்லாரும் தர்மப்பிரபு. கடைசிப் பக்கம் வந்தா கத்திரி கைக்கு வந்துடும்.”

சிரித்தபடி சொன்னாலும், அது பட்டுத் தெரிந்துகொண்டது. தொழிலுக்கு வந்த புதிதில் அவரும் வண்டியைக் கடைசியில்தான் எழுதினார். க்ளையன்ட் அதை அடித்தார், இவர் தலையாட்டினார். அத்திபெலேயில் இரண்டு நாள் ஓய்வில்லாத படப்பிடிப்பு. முடிந்ததும் லைட்மேன் முருகேஷ் தம் பைக்கில் கிளம்பி, ஓசூர் ரோட்டில் கண்ணயர்ந்து விழுந்தார். கால் முறிந்தது. மருத்துவமனைக்கு ஓடிய பிலோமினா அவர்களிடம் முருகேஷ், “விடுக்கா, நீ இன்னா பண்ணுவ, அவங்க சொன்னத எழுதுன” என்றாராம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று அவர் என்னிடம் சொன்னதுண்டு. அடுத்த பட்ஜெட்டில் வண்டி முதல் வரிக்கு ஏறியது. பிறகு இறங்கவில்லை.

சென்ற வாரம் பிஸ்கட் நிறுவனத்தின் விளம்பர அதிகாரி நந்தினி அந்த வரியையே நீக்கச் சொல்லியிருந்தார். எல்லோரிடமும் பைக் இருக்கிறதே என்பது அவர் வாதம். படத்தை வேண்டுமானால் பத்து நொடி குறையுங்கள், வண்டியைத் தொடாதீர்கள் என்று பிலோமினா அவர்கள் கன்னடத்தில் பதில் எழுதினார். மறுமொழி வருமுன் போய்விட்டார். இனி அந்த வரிக்காகப் பேச ஆள் இல்லை என்றே நினைத்தேன்.

புதன்கிழமை அடக்கத்துக்கு நந்தினி வந்திருந்தார். கல்லறைத் தோட்ட வாசலில், காலைச் சற்று இழுத்து நடந்துவந்த முருகேஷிடம் என்ன ஆயிற்று என்று விசாரித்தார். அவர் சொன்னார். நந்தினி எங்கள் பக்கம் திரும்பினார். “வண்டி இருக்கட்டும். ட்ரோன் பேடா, வேணாம், எடுத்துடுங்க” என்றார்.

கடைசிப் பக்கத்திலிருந்துதான் வெட்டினார். முருகேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார்.

படப்பிடிப்பு முடிந்தால், கடைசி ஆள் இறங்கும்வரை அந்த வண்டியிலேயே அமர்ந்திருப்பது பிலோமினா அவர்களின் வழக்கம். இம்முறை முன்னதாகவே இறங்கிவிட்டார். இளைப்பாறுங்கள் அம்மா. பட்ஜெட்டில் கையெழுத்து இன்னும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்கிறார் நந்தினி. அடுத்த வாரம் அத்திபெலேயில் படப்பிடிப்பு. வண்டிக்கு முருகேஷ் இப்போதே சொல்லிவைத்துவிட்டார்.