பெலார்மினோவின் தண்ணீர் வாளி

எங்கள் தெருவில் புத்தி கெட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் எதிர்வீட்டு பெலார்மினோவைப் போல அடம்பிடித்துக் கெட்டவர் வேறு யாருமில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மினாஸ் மலைப்பக்கம் ரயிலே நின்றுபோனது. அவர் தலையில் தொப்பி மட்டும் நிற்கிறது.

நற்கருணைத் திருநாளில் பவனி வரும் தெரு முழுக்கப் பூவும் சாயமேற்றிய மரத்தூளும் பரப்பிக் கம்பளம் போடுவோம். வீட்டுக்கொரு துண்டு. கோயில் வாசல் துண்டு பெலார்மினோவுடையது, அவர் அப்பா காலத்திலிருந்தே. நற்கருணை அப்பத்தைச் சாமியாக ஏந்தி வரும் பாதிரியாரின் முதல் அடி அதில்தான் விழும். ஒழுங்காகப் போடாதவர் துண்டு மறுவருஷம் வேறு வீட்டுக்குப் போய்விடும். இந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஊர்க்கூட்டத்தில் எழுந்து மார்தட்டினார்.

"சாமி நடக்கிற பாதையில மரத்தூளைக் கொட்டுறது பித்தலாட்டம்! வர்ற திருநாளுக்கு என் துண்டுல, என் வீட்டுக் காகிதப்பூச் செடியில பூக்கிற பூ மட்டுந்தான்."

அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து. செடிக்குக் காலையில் ஒரு வாளி தண்ணீர், சாயங்காலம் ஒரு வாளி. போதாததற்குக் கூடை கூடையாக மாட்டெரு. செடி கொழுத்துக் கூரை ஏறியது. பூ? மருந்துக்குக்கூட இல்லை. என் வீட்டுக் காகிதப்பூக் கொடியை நான் திரும்பியும் பார்ப்பதில்லை. மழை ஓய்ந்து மண் காய்ந்ததும் இலை தெரியாமல் பூத்துத் தொலைக்கிறது.

"அண்ணே, அதைக் கொஞ்சம் காயப் போடுங்க. பட்டினி கிடந்தாத்தான் பூக்கும்" என்றேன்.

"உன் பேச்சைக் கேட்டுப் பச்சப்புள்ளையைப் பட்டினி போடச் சொல்றியா? இரக்கங்கெட்டவளே!"

அவர் மனைவி சுல்மிரா உள்ளிருந்து கத்தினாள். "எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடுத்ததில்ல. அதுக்கு ரெண்டு வேளை உபசாரம்!"

திருநாளுக்கு முந்தின நாளும் இலைதான். மனசு கேட்காமல் ஒரு கூடை பூ கொண்டுபோனேன். கதவைக்கூடத் திறக்கவில்லை. "பிச்சைப்பூ எனக்கு வேணாம்!"

விடிந்ததும் அந்த இலைகளையே வெட்டிவந்து கோயில் வாசலில் பரப்பினார். முள்ளோடு! பாதிரியார் செருப்பில் முள் ஏறி, முதல் அடியிலேயே நொண்டினார். பின்னால் வந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பாட்டைக் கத்திப் பாடினார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. அடுத்த கூட்டத்தில் வாசல் துண்டை என் வீட்டுக்குக் கொடுத்தார்கள். பெலார்மினோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

செடியோடு பேச்சுவார்த்தை நின்றது. வாளியைக் கவிழ்த்துவிட்டார். மழையும் இல்லை. ஆகஸ்டில் ஒருநாள் காலை தெருவே அவர் சுவரைப் பார்த்து நின்றது. கூரைவரை ஒரே செந்நீலம்.

"பாத்தீங்களா! நான் ஊத்தின தண்ணி வீண்போகல!"

"அண்ணே, நீங்க ஊத்தாததாலதான் பூத்திருக்கு. இன்னும் கொஞ்ச நாளைக்குக் கோவமாவே இருங்க."

"பைத்தியமா நீ? இவ்வளவு பூத்த புள்ளைக்குத் தாகம் எடுக்காதா?"

அன்று சாயங்காலமே வாளியை நிமிர்த்தினார்.

இந்த வருஷத் திருநாளன்று கோயில் வாசலில் என் பூவைப் பரப்ப சுல்மிராதான் துணைக்கு வந்தாள். நாங்கள் குனிந்து பூப்போடும்போது, தெருக்கோடியில் பெலார்மினோ பச்சைச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.