ரோபோ கோவிச்சுக்கிருச்சு

போன வாரம் புதன்கிழமை. காலை ஏழு மணி. பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“சார், செல்வராணி பேசுறேன். ரோபோ கோவிச்சுக்கிருச்சு. நடிக்க வர மாட்டேங்குது.”

வாயிலிருந்த நுரை கண்ணாடி முழுக்கத் தெறித்தது.

வாரா வாரம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குச் செல்வராணியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு சுருக்கம். இரண்டு மாதம் முன்பு, ரோபோவுக்குச் சுயபுத்தி வருகிற குடும்ப காமெடிப் படங்களைப் பற்றி இங்கே நக்கலாக எழுதியிருந்தேன். எல்லாம் ஒரே அச்சு. வீட்டுக்கு ஒரு ரோபோ வரும். தோசையைக் கருக்கும். மாமியாரை ‘மேடம்’ என்று கூப்பிடும். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் வானம் இடிக்கும். ரோபோவின் கண்ணில் சிவப்பு லைட் எரியும். ‘நான் யார்?’ என்று கேட்கும். உடனே நாம் கர்ச்சீப்பை எடுக்க வேண்டும்...

அதைப் படித்துவிட்டுச் சின்னமனூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் செல்வராணி. கணவரோடு சேர்ந்து மோட்டார் ரிப்பேர் கடை நடத்துகிறவர். ‘குறை சொல்வது சுலபம் சார். நாங்களும் ஒரு ரோபோ படம்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம். முடிந்தால் வந்து பாருங்கள்’ என்று எழுதியிருந்தார்.

போனேன். நாற்பது நிமிடப் படம். கேமரா – செல்போன். ரோபோவின் உடம்பு – தோட்டத்துக்கு மருந்து அடிக்கிற பழைய ஸ்பிரேயர் டேங்க். கை, கால் – பிவிசி பைப். தலை – கவிழ்த்துவைத்த எவர்சில்வர் பானை. கண்ணுக்கு டிராக்டர் இண்டிகேட்டர் பல்பு இரண்டு. அசந்துபோனேன். வந்து ஒரு வாரப் பத்தி முழுக்க அவர்களைப் பற்றியே எழுதினேன். அது வெளிவந்தது ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை இந்த போன்.

விஷயம் விளையாட்டில்லை. நாலே நாளில், ஞாயிறு காலை பத்து மணிக்குக் கல்யாண மண்டபத்தில் படத்தைப் போட ஏற்பாடாகி, சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. செல்வராணியின் சின்ன மாமனார், “ஸ்பேனர் புடிக்கிற கைக்குப் படம் எதுக்கு ஆத்தா?” என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார். “ஞாயித்துக்கெழம சனம் சிரிக்கலைன்னா, அதுக்கப்புறம் கேமராவத் தொட மாட்டேன் மாமா” என்று இவரும் நாலு பேர் முன்னாலேயே சொல்லிவிட்டார். ரோஷக்காரி.

இதில் இன்னொரு சிக்கல். அவரும் கிளைமாக்ஸில் இடியைத்தான் வைத்திருந்தார். இடி விழும், ரோபோவுக்குப் புத்தி வரும். அக்கம்பக்கத்தாருக்குப் போட்டுக் காட்டியபோது யாரும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் மட்டும், “இடி விழுந்தா மோட்டாருக் காயிலுல்ல கருகிப்போகும்? அறிவு எப்பிடி வரும்?” என்று கேட்டாராம். நாள் முழுக்கக் கருகின மோட்டாரோடு மல்லுக்கட்டுகிற பெண்ணுக்கு அது தெரியாதா? கிளைமாக்ஸை மறுபடி எடுத்தே ஆக வேண்டும். அந்த நேரம் பார்த்து ரோபோ ஸ்டிரைக்.

“ரோபோவுக்குள்ள இருக்கிறது யாரு?” என்று கேட்டேன்.

“எங்க அண்ணன் தங்கப்பாண்டி சார். கோம்பையில இருக்காரு. நீங்க எழுதுனதுல எல்லார் பேரும் இருக்கு. அவர் பேர் மட்டும் இல்ல.”

பேப்பரை எடுத்துப் பார்த்தேன். ‘ரோபோ பிரமாதமாக நடித்தது’ என்று எழுதியிருக்கிறேன். நடித்த-து. இத்தனை வருஷம் எழுதி என்ன பிரயோஜனம்? அதிலும் அவர் யார்? செல்வராணியின் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். நம் பக்கம் ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. நான் பத்தியிலேயே விட்டிருக்கிறேன்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். சின்னமனூரில் செல்வராணியும் ஏறிக்கொண்டார். கோம்பையில் வீட்டு வாசலிலேயே ஒரு செவலை நாய் என்னை மறித்து நின்றது. சேதி அதற்கும் போயிருக்கும் போல.

தங்கப்பாண்டி ஆறடிக்கு மேல் இருப்பார். ரோபோ உடம்பு அவர் அளவுக்கே வெட்டி ஒட்டியது, வேறு யாருக்கும் பொருந்தாது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாழை நார் கிழித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பவில்லை.

“நா என்ன சொன்னேன் சார்? எனக்கு ஒரு கோவமும் இல்ல. நல்லாத்தான் எழுதியிருக்கீக. ரோபோ பிரமாதமா நடிச்சதுன்னு போட்டிருக்கீக. அப்புறம் என்ன, அந்த ரோபோவயே கூட்டிட்டுப் போயி நடிக்க வைங்க.”

“அண்ணே...” என்றார் செல்வராணி.

“இரு தாயி. கேமரா புடிச்சவுகளுக்குப் பேரு போட்டிருக்காக. வீடு குடுத்தவுகளுக்குப் போட்டிருக்காக. குறுக்க வந்த கோழிக்குக்கூட நாலு வரி எழுதியிருக்காக. டேங்குக்குள்ள வெந்தவன் நானு. எனக்குக் கோவமெல்லாம் இல்ல.”

கோழி விஷயம் உண்மைதான். எண்ணிப் பார்த்தேன், ஐந்து வரி.

காபி கொண்டுவந்த அவர் மனைவி, “மூணு நாளா சோறு எறங்கல. ஆனா கோவம் இல்லையாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் இன்னொரு மன்னிப்புக்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். செல்வராணி மட்டும் தன் அண்ணனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கருகின மோட்டாரில் எந்தச் சுற்று போயிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்ட முகம். விறுவிறுவென்று சமையல்கட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, பழம். நடுவில், பையில் கொண்டுவந்திருந்த ரோபோவின் எவர்சில்வர் தலை.

“அண்ணே, மொறையாக் கூப்பிடுறேன். வந்து நடிச்சுக் குடு. இடிய எடுத்துட்டேன். நீ இப்ப பேசுனியே, அதத்தான் ரோபோ பேசப் போகுது.”

தங்கப்பாண்டி தட்டைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“காபி ஆறுது. குடிச்சிட்டுப் போவோம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. சின்ன மாமனார் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்வராணி கதவோரம் நின்றார், உட்காரவே இல்லை.

கிளைமாக்ஸ் வந்தது. படத்தில் வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்து. பிரஸ்ஸிலிருந்து வந்த பத்திரிகையை ரோபோ கையில் எடுக்கிறது. பிவிசி விரல் ஒவ்வொரு பெயராக இறங்குகிறது. பெரியப்பா, சித்தப்பா, பங்காளி, பங்காளியின் மச்சான்... அடிவரைக்கும் போய்விட்டு, மறுபடி மேலேயிருந்து வருகிறது.

“அடப்பாவிகளா, பேர விட்டுட்டாக” என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் வெடித்துச் சிரித்தது.

ரோபோ பத்திரிகையை மடித்து வைத்தது. தூக்கிவந்த தண்ணீர்க் குடத்தை இறக்கியது. மோட்டார் ரூமுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. “எனக்கு ஒரு கோவமும் இல்ல” என்றது. அவ்வளவுதான். சிரித்த கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. “பாவம், அதுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல” என்றார் ஒரு அம்மா.

சின்ன மாமனார் கட்டிய கையை அவிழ்த்தார். எழுந்து நின்றார். “ஏலே, அங்கன என்னத்த வேடிக்க பாக்குறீக? தட்ட எடுத்துட்டுப் போயி அதக் கூப்பிடுங்கடா” என்று திரையைப் பார்த்துச் சத்தம் போட்டார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, திரையில் வீட்டுக்காரம்மா தாம்பாளத்தோடு மோட்டார் ரூமுக்குள் நுழைந்தார். விசில் காதைப் பிளந்தது. கதைப்படி அந்த அம்மாவுக்கு உடன்பிறந்தவர் கிடையாது. குழந்தை ரோபோவின் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொண்டது. ஆசாரி ஊசியை எடுத்தபோது ரோபோவின் இரண்டு இண்டிகேட்டரும் படபடவென்று அடித்துக்கொண்டன. நான் கர்ச்சீப்பை எடுத்தேன். எழுதிய நக்கல் அத்தனையும் வாபஸ்.

கடைசியில் திரை முழுக்க ஒரே ஒரு பெயர்: ‘ரோபோ – தாய்மாமன் கோம்பை தங்கப்பாண்டி.’ அவர் எழுந்து நின்று ஆறடி உயரமும் வளையக் கும்பிடு போட்டார். கைதட்டல் ஓயவே இல்லை. சின்ன மாமனார் கதவோரம் போய், “அடுத்து என்ன படம் ஆத்தா? அதுல எனக்கு ஒரு வேஷம் குடுப்பியா?” என்று கேட்டார்.

“பாப்போம் மாமா” என்றார் செல்வராணி. அந்த ‘பாப்போம்’ இருக்கிறதே... அதைக் கேட்கவே இன்னொரு முறை பஸ் ஏறலாம்.

யோசித்துப் பார்க்கிறேன். ‘நான் யார்?’ என்று கேட்டால்தான் சுயபுத்தி வந்ததாக அர்த்தமா? கம்பம் பள்ளத்தாக்கில் யாருக்கும் அந்தச் சந்தேகம் கிடையாது. ‘என் பேரு எங்க?’ – இதுதான் இங்கே கேள்வி. அதைக் கேட்டுவிட்டால் மெஷினும் மனுஷன்தான்.

எழுதி முடித்து, இந்த முறை எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்தேன். திக்கென்றது.

கோம்பையில் காபி கொடுத்தவரின் பெயர் ஈஸ்வரி.