பக்கத்தில் அடங்காத ஏழாவது பிரிவு

1. வாத்தும் ஃபைலும்

எங்கள் அலுவலகத்துக்கு வந்த நெருக்கடிகளில் பெரியது வாத்தால் வந்தது. பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஓர் ஏரிக்குக் குளிர்காலத்தில் வெளிநாட்டு வாத்துகள் வரும். அவை தாண்டி வரும் நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. அதன்படி ஏரியைக் காக்கும் திட்டத்துக்கு ஊர் மக்களின் சம்மதம் வாங்கி, திங்கட்கிழமைக்குள் டெல்லிக்கு அனுப்ப வேண்டும். வாத்துக்குப் பாஸ்போர்ட்கூடத் தேவையில்லை. எங்களுக்கு ஃபைல் இல்லாமல் எதுவும் நகராது.

நான் அப்போது அங்கே யு.டி.சி. குமாஸ்தா. ஒப்பந்தத்தைத் தமிழில் சுருக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

"ஒரே பக்கம்தான்யா. ஜெராக்ஸுக்குப் பேப்பர் இல்ல" என்றார் அதிகாரி.

ஏரியில் இறங்கக் கூடாது, வலை போடக் கூடாது, கோரை அறுக்கக் கூடாது என்று எழுதியதிலேயே பக்கம் நிறைந்துவிட்டது. ஏழாவது பிரிவுக்கு இடமில்லை. ஏரியை நம்பிப் பிழைப்பவர்களின் வாழ்வுரிமையைப் பறிக்கக் கூடாது, அவர்களைக் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும் என்பது அந்தப் பிரிவு. வெட்டினேன். பக்கத்தின் மேலே இருந்த, கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பிரமுகர்களின் பெயர்களையா வெட்ட முடியும்?

2. புளிசாதக் கையெழுத்து

கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. வாசலிலேயே வருகைப் பதிவேடு இருக்கும். கையெழுத்துப் போட்டால் புளிசாதப் பொட்டலம். பிறகு அந்தத் தாளின் மேல் 'சம்மதம்' என்று தலைப்பு ஒட்டி அனுப்பிவிடுவோம். இப்படித்தான் எங்கள் திட்டங்களை எல்லாம் மக்கள் ஏகமனதாக ஆதரித்து வந்தார்கள்.

அஞ்சலை அக்கா மட்டும் பேனாவை வாங்கவில்லை. ஏரிக் கோரையை அறுத்துப் பாய் நெய்கிறவர்களுக்குப் போடுகிறவர். அவர் வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது.

"கோரை அறுக்கக் கூடாதுன்னா நான் இன்னா சார் பண்றது? இத்தினி நாடு கூடி எழுதிச்சே, எங்களப் பத்தி ஒரு வரிகூடவா எழுதல?"

"அதெல்லாம் இல்லம்மா. கையெழுத்தப் போட்டுட்டு சாப்பாடு வாங்கிக்க" என்றார் அதிகாரி.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "இருக்குதுக்கா. நான்தான் வுட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டேன். பையிலிருந்த ஆங்கிலப் பிரதியை எடுத்து, ஏழாவது பிரிவைத் தமிழில் சொன்னேன்.

"அப்ப எங்களக் கேக்காம எங்களத் தடுக்க முடியாது, அதான?"

"ஆமாக்கா."

"அத எழுதுப்பா. அப்புறம் பேனாவக் குடு."

புதுத் தாளில் எழுதினேன்: 'கோரை அறுக்கும் உரிமை இருந்தால்தான் சம்மதம்.' அக்கா முதல் கையெழுத்துப் போட்டார். ஏற்கெனவே போட்டவர்கள் பதிவேட்டில் தங்கள் பெயரை அடித்துவிட்டு அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

3. ஜீப்பில்

"முழுசா படிக்கச் சொல்லி உன்ன யாருய்யா கேட்டது?" திரும்பும் வழியில் அதிகாரி பேசியது இவ்வளவுதான். அடுத்த மாதம் எனக்குத் திருக்கனூர்ப் பக்கம் மாற்றல். திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேறு கையெழுத்துத் தாள் இல்லாததால், அந்தத் தாளை மறைக்க வழியில்லாமல் திட்டத்தைத் திருத்தினார்கள். அக்கா இன்றும் கோரை அறுக்கிறார். வாத்துகளும் வருகின்றன.

புதிதாக வேலையில் சேருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கையெழுத்து வாங்கும் முன் முழுவதையும் படித்துக் காட்டுங்கள். பல நாடுகள் கூடிக் கொடுத்த உரிமையை, பாகூரில் ஒரு குமாஸ்தா ஃபேன் காற்றில் உட்கார்ந்து, இடம் போதவில்லை என்று வெட்டினான். அவனை இதுவரை யாரும் கெட்டவன் என்று சொன்னதில்லை.