மூட்டைக்குக் கிடைத்த இடம்

நானும் அப்பாவும் ரயிலில் ஏறினால் எப்படியும் இடம் கிடைத்துவிடும் என்று எங்கள் மலைக் கிராமமான பூம்பாறையில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியவரே அவர்தான். இரண்டாயிரத்துக்குப் பிறகு, நான் சென்னையில் காலேஜில் சேர்ந்த வருடத்தில் தொடங்கிய பெருமை அது.

ரிசர்வேஷன் எல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. வண்டி வந்தால் ஏறவேண்டியதுதான், அதற்கு ஏன் மாதக்கணக்கில் முன்கூட்டியே போய்ச் சொல்லவேண்டும் என்பது அப்பாவின் கட்சி. மதுரையில் கிளம்பும் காலை வண்டியோ மலையடிவாரத்துக் கொடைரோடு ஸ்டேஷனுக்கு வரும்போதே பிதுங்கிக்கொண்டு வரும். அது நிற்பதும் கொஞ்ச நேரம்தான். மலையிலிருந்து வருகிற நாங்கள் முந்தின நாள் சாயங்காலமே இறங்கி, ஸ்வெட்டரும் மப்ளருமாக ஸ்டேஷனில் படுத்துக் கிடப்போம். கீழே வெக்கை ஆளைக் கொல்லும். இருந்தாலும் ஸ்வெட்டரைக் கழற்ற மனசு வராது.

இடம் பிடிக்க ஆளுக்கொரு வித்தை வைத்திருப்பார்கள். ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவார்கள், பையைப் போடுவார்கள், சமயத்தில் பெற்ற பிள்ளையையே தூக்கி உள்ளே போடுவார்கள். அப்பாவுக்கு இந்த வித்தை எதுவும் தெரியாது. தலையில் பூண்டு மூட்டையோடு எல்லோருக்கும் கடைசியில்தான் ஏறுவார். காலேஜில் சேர முதல் தடவை போனபோதும் அப்படித்தான் ஏறினோம். உள்ளே போய் மூச்சு வாங்கி நிற்பதற்குள் பெஞ்சில் இருந்த ஒருவர் எழுந்து கதவுப் பக்கம் போனார். பின்னாலேயே இன்னொருவரும் போனார். ஜன்னலோரத்து அம்மாள் எதிர்ப் பெஞ்சுக்கு மாறினாள். எனக்கு ஜன்னலோரம், பக்கத்தில் அப்பா, காலடியில் மூட்டை.

"பாத்தியா தாயி, கீழ்நாட்டுச் சனத்த என்னென்னமோ கொற சொல்லுவாங்க. எம்புட்டுத் தங்கமான மனுசங்க!" என்றார் அப்பா.

நானும் அப்படித்தான் நம்பினேன். ஊரெல்லாம் நமக்கு வழிவிடுகிறது என்ற நினைப்பில் சென்னை வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே போனேன்.

ஹாஸ்டலில் நான் பெட்டியைத் திறந்ததும் அறையில் கூட இருந்த பெண் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். மறுநாள் என் பெட்டி வராந்தாவில் இருந்தது. "தப்பா எடுத்துக்காத, கொஞ்சம் ஸ்மெல் வருது" என்றாள். நல்ல பெண்தான், பயந்து பயந்துதான் சொன்னாள். எனக்கு என்ன ஸ்மெல் என்றே விளங்கவில்லை. தாவணியை எடுத்து மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது. எங்கள் ஊரில் பூண்டைக் கட்டுக் கட்டாகப் பரணில் தொங்கவிட்டு, கெட்டுப்போகாமல் இருக்க அடுப்புப் புகையைக் காட்டுவோம். அதற்கு அடியில்தான் சாப்பாடு, படுக்கை, படிப்பு எல்லாம். கதவைத் திறந்ததும் அந்த நெடி என் முகத்தில் அடித்தது. பிறந்து வளர்ந்த வீட்டை அன்றுதான் முதன்முதலாக மோந்து பார்க்கிறேன். அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் சேலையிலும் அதே நெடி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்படி நின்றபோதே அந்த ரயில் பெஞ்சில் இருந்தவர்கள் ஏன் எழுந்து போனார்கள் என்பதும் புரிந்துவிட்டது. காது வரை சுட்டது எனக்கு. அம்மாவோ நான் ஏங்கிப்போய்விட்டேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

லீவு முடிந்து கிளம்பும்போது சொல்லிப் பார்த்தேன். "இந்தத் தடவ பூண்டு வேண்டாம்ப்பா. கூட்டத்துல தூக்கிட்டுப் போறது கஷ்டம்."

"ஒன்னப் பாத்துக்கிற வார்டன் அம்மாவப் பாக்க வெறுங்கையோடயா போறது? அதுவும் இது மலைப்பூண்டு. வாசம் ஒண்ணு போதாதா? கீழ இது கெடைக்குமா?" என்றார்.

அந்த வாசத்துக்கு ஒருவன் முகம் சுளிப்பான் என்று அவருக்குக் கனவில்கூடத் தோன்றாது. அதைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. மூட்டை தலைக்கு ஏறியது.

இந்தத் தடவை ரயிலில் எல்லாம் என் கண்ணில் பட்டது. ஒரு பெண் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "எங்கேர்ந்துதான் வர்றாங்களோ" என்று முனகிக்கொண்டே எழுந்தார். அப்பா அவரைப் பார்த்து, "பரவாயில்ல, உக்காருங்க சார்" என்று உபசாரம் வேறு செய்தார். அவர் திரும்பியே பார்க்கவில்லை. நாங்கள் உட்கார்ந்தோம். சாக்கைக் கதவுப் பக்கம் வைக்கலாம் என்றேன். "காலடியில கெடந்தா பத்திரம்ல" என்றுவிட்டார். இவருக்கு மட்டும் இது தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அப்போது எனக்கு வேண்டியிருந்தது.

திண்டுக்கல்லில் இன்னும் கூட்டம் ஏறியது. இடம் கொடுத்த சனத்துக்கு நாமும் ஏதாவது செய்யவேண்டாமா என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டது. குனிந்து சாக்கின் வாயை அவிழ்த்தார். நெடி குப்பென்று கிளம்பியது. இரண்டு கை நிறையப் பூண்டை அள்ளி, "எங்க காட்டு வெளச்சலுங்க, வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்று எதிரில் இருந்தவரிடம் நீட்டினார்.

அந்த ஆள் நடுத்தர வயது. அதுவரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் முகம் சிவந்து, "பெரியவரே, மொதல்ல அந்தச் சாக்க…" என்று ஆரம்பித்தார்.

நான் அவரைப் பார்த்தேன். அப்பாவின் கண்ணில் படாமல் மடியிலேயே இரண்டு கையையும் கூப்பினேன். யார் முன்னாலும் நான் அப்படிக் கெஞ்சியதில்லை. அவர் என் கையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சாக்கக் கட்டி வைங்க, சிந்திரப்போகுது" என்று முடித்துக்கொண்டார். கையை நீட்டிப் பூண்டையும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில், காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை.

நடைவழியில் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். எங்கள் பெஞ்சில் இன்னும் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். யாரும் உட்காரவில்லை. அப்பா அந்தக் காலி இடத்தைத் தட்டித் தட்டி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு காலை நீட்டித் தூங்கிவிட்டார். நான் தூங்கவில்லை. யாராவது அவரை எழுப்பி உண்மையைச் சொல்லிவிடுவார்களோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

முதல் தடவை அவர் ஊர் திரும்பியது கோயம்பேட்டிலிருந்து ஒரு காய் லாரியில். இந்தத் தடவை மூட்டையை வார்டனிடம் கொடுத்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டில் ஒரு நாள் தங்கி, குளித்து, அவர்கள் கொடுத்த வேட்டியைக் கட்டி, ரயிலிலேயே திரும்பினார். கொடைரோட்டில் இறங்கியதும் காயின் போனிலிருந்து ஹாஸ்டலுக்குக் கூப்பிட்டார்.

"வந்து சேந்துட்டேன் தாயி. ஒரு பய எடம் குடுக்கலே. மெட்ராஸ்லருந்து நின்னுக்கிட்டேதான் வாரேன்."

தெரிந்துகொண்டுவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் குரலில் வருத்தமே இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான எனக்குச் சங்கதி வெளங்குது. அன்னிக்கு எந்திரிச்சது பூராம் ஒன்னப் பாத்துத்தான். படிக்கிற பிள்ளைன்னு மொகத்துலயே தெரியுதுல்ல? நான் ஒத்தையா ஏறுனா எவன் மதிக்கப்போறான்?"

ஆபீஸ் அறையில் போனுக்காக எனக்குப் பின்னால் பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாப்பா, அதுக்காகத்தான் எந்திரிச்சாங்க" என்றேன்.

அதை அன்றைக்கே பஸ்ஸில் சொல்லி, பூம்பாறையில் வீடு வீடாகவும் சொல்லியிருக்கிறார். "எம் மகளக் கண்டா ரயில்ல சனம் எந்திரிச்சு நிக்கும்" என்று இன்றைக்கும் சொல்கிறார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். அவருக்கு எழுத்து தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அதை நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.