ஒரே மணிக்கட்டில் ஏழு காப்பு

இந்த ஊரில் ஒருவரை முதன்முதலாகப் பார்த்தால், பேரைக் கேட்ட கையோடு அடுத்து என்ன கேட்கிறார்கள் தெரியுமா? "சைடுல என்ன பண்றீங்க?" என்று. எங்கள் திருமயம் பக்கமாக இருந்தால் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எந்தக் கோயிலுக்கு வரி கொடுக்கிற பங்காளிகள் என்று விசாரிப்பார்கள். சிங்கப்பூருக்கு நான் வந்து பதினோரு வருசம் ஆகிறது. உயரமான கட்டடங்களுக்கு வெளியே கம்பிக் கயிற்றில் இறக்குகிற இரும்புத் தொட்டிலில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடிக்கிறவன் நான். விடியுமுன் லாரியில் ஏறினால் இருட்டின பிறகுதான் இறங்குவேன். இதற்குச் சைடில் என்ன இருக்க முடியும்? தூக்கம் இருக்கிறது. அதைச் சொன்னால் சொத்தைக் கத்தரிக்காயைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

எங்கள் விடுதி அறையில் ஆள் பன்னிரண்டு. தொழில் இருபதுக்குக் குறையாது. ஒருத்தன் உடம்பு இளைக்கிற பவுடர் விற்கிறான். அவன் தொந்தி மேல்கட்டிலிலிருந்து எட்டிப் பார்க்கிறது. இன்னொருத்தன் கண்ணுக்கே தெரியாத காசை போனில் வாங்கி போனிலேயே விற்கிறான். மூன்றாமவன் வெளிநாட்டில் சம்பாதிப்பது எப்படி என்று உலகத்துக்கே வீடியோ போட்டுச் சொல்லிக்கொடுக்கிறான். குளிக்கச் சோப்பு என்னிடம்தான் இரவல் வாங்குகிறான். வருமானத்தைக் கேட்டால், கல்யாண வீட்டில் பொம்பளைகள் சங்கிலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொள்வது மாதிரி ஒரு தோரணையோடு சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சொன்ன தொகையைக் கேட்டு வாய் பிளந்தால், புதன்கிழமை அதே ஆள் "அண்ணே, போனுக்கு ஒரு டாப்அப் பண்ணிவிடுங்க, சம்பளத்துல தாரேன்" என்று வந்து நிற்பான். இத்தனைக்கும் வேலை பெர்மிட்டில் வந்தவன் கம்பெனி வேலை தவிர வேறு வேலை பார்க்கக் கூடாது என்பது இங்கே சட்டம். பிடிபட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஊரில் யாரும் ரெண்டு வேலை பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தோம். எங்கள் ஆத்தா களையெடுக்கப் போய்விட்டு வந்து ஆடும் வளர்த்தது. ஆடு வளர்த்தால் ஆடு வளரும். அதை அறுத்தால் கறி, விற்றால் காசு. இவர்கள் வளர்ப்பது என்னவென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் சூப்பர்வைசர் சீனக்காரர், அறுபதை நெருங்கியவர், சொந்த வீடு உள்ளவர். அவரும் வேலை முடிந்ததும் வாடகைக் கார் ஓட்டுகிறார். மறுநாள் கட்டட வேலையிடத்தில் நின்றபடியே கண் அசருகிறார். நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயிலுக்குப் போய் அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக் கொடுப்பேன். ஒருநாள் அவர் கேட்டார், "சண்டே நீ எங்கே போற?" "டெம்பிள். வெஜிடபிள் கட்டிங்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஹவ் மச்?" காசு கிடையாது என்றேன். "நோ மணி? சாப்பாடு மட்டுமா?" சாமிக்குச் செய்கிறது என்றேன். நான் மறைக்கிறேன் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். என் தோளைத் தட்டி, "கேர்ஃபுல் லா. பிடிச்சா பெர்மிட் போயிடும். நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றார். அன்றிலிருந்து திங்கட்கிழமைகளில் என்னைப் பார்த்து ஒரு கள்ளச் சிரிப்பு. கும்பிடுகிறதைக்கூடக் கூலி வேலையாகத்தான் இவர்களுக்குப் பார்க்கத் தெரிகிறது என்று மனசுக்குள் காறித் துப்பினேன். அந்த எச்சில் என் மேலேயே விழப் போகிறது என்று தெரியாது.

போன வருசம் ஐப்பசியில் என் மகள் தர்ஷினிக்கு டெங்கு. எட்டு வயசுப் பிள்ளை. புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போகிறது என்று என் வீட்டுக்காரி செல்வி போனில் அழுதபோது நான் பதினாலாம் மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன். கீழே இறங்கக்கூட முடியாது. தொட்டிலை இறக்குகிறவன் சாப்பிடப் போயிருந்தான். அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன். எங்கள் ஊர் மாரியாத்தாளிடம் வாய்விட்டுச் சொன்னேன்: "ஆத்தா, பிள்ளைய எனக்குக் குடுத்துரு. பங்குனியில நானே வந்து ஒனக்குப் பால்குடம் எடுக்கிறேன்." நாலாம் நாள் பிள்ளை எழுந்து இட்லி கேட்டது.

பங்குனி வந்தது. லீவு வரவில்லை. கட்டடத்தை ஒப்படைக்கிற நேரம், ஒருத்தனையும் விட மாட்டோம் என்றுவிட்டார்கள். அப்போதுதான் செல்வியின் தம்பி செல்லத்துரை போன் போட்டான். அவன் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ராத்திரியே கிளம்பிக் கோட்டைப்பட்டினம் போய் விடியலில் மீன் எடுத்து வந்து விற்பான். மத்தியானம் இன்சூரன்ஸ் பிடிப்பான். உப்பு விற்கப் போனால் மழை, மாவு விற்கப் போனால் காற்று என்கிற ஜாதகம் அவனுக்கு. புதிதாக ஒன்று ஆரம்பித்திருந்தான்: வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக நேர்த்திக்கடன் செலுத்தித் தருவது.

"மச்சான், ஏன் கவலைப்படுறீங்க? பேரு, நட்சத்திரத்த அனுப்பிவிடுங்க. காப்புக் கட்டுறதுலேர்ந்து பால் ஊத்துறது வரைக்கும் நம்ம பொறுப்பு. வீடியோ வந்துரும்."

"ஏன் மாப்ளே, சாமி ஒத்துக்குமா?"

"கோயில்ல அய்யரு மந்திரம் சொல்றாரு. அது யாருக்கு? நமக்குத்தான? நமக்குச் சொல்லத் தெரியாது, அவரு சொல்றாரு. ஒங்களால வர முடியாது, நான் எடுக்கிறேன். மலேசியாவுலேர்ந்து, குவைத்துலேர்ந்துல்லாம் கேக்குறாங்க மச்சான்."

அறையில் இருந்த அத்தனை பேரையும் கேலி பேசிய வாய் இதற்கு மறுபேச்சுப் பேசவில்லை. பேரையும் நட்சத்திரத்தையும் அவன் கேட்ட காசையும் அனுப்பிவிட்டேன். மனசு லேசானது என்றுகூடச் சொல்லுவேன். அதுதான் வெட்கம்.

திருவிழா அன்று மத்தியானம் படிக்கட்டுக்கடியில் அட்டையை விரித்து உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தேன். மேளம் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மஞ்சள் வேட்டி, தலையில் குடம், வேப்பிலை, எங்கள் கோயில் வாசல். குடத்தைப் பிடித்திருந்த கை பக்கத்தில் வந்தபோதுதான் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து பாதி முழங்கை வரை மஞ்சள் கிழங்குத் துண்டு கோத்த கயிறுகள். நிறுத்தி எண்ணினேன். ஏழு காப்பு.

சூப்பர்வைசர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "யார் இது?" எனக்காக இவன் சாமிக்குச் செய்கிறான், நான் காசு கொடுத்தேன் என்று தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்கு என்ன நோவு என்று அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "வாஹ்! குட் பிசினஸ்!" என்றார். முதன்முறையாக என்னை ஒரு விவரமான ஆளாக மதித்தார்.

சாயங்காலம் செல்லத்துரையைப் போனில் பிடித்தேன்.

"என்னடா ஏழு காப்பு?"

"ஏழு கஸ்டமர் மச்சான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக் கட்டணும்ல? நம்ம நியாயமா இருக்கணும்ல?"

"கொடம்?"

"கொடம் ஒண்ணுதான். தலை ஒண்ணுதான மச்சான் இருக்கு?"

காப்புக் கட்டினவன் அதை அவிழ்க்கிற வரை எட்டு நாளும் ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது, கவுச்சி தொடக் கூடாது. இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "அந்த எட்டு நாளும் மீன் ஏவாரத்துக்குப் போனியா?" என்று கேட்டேன்.

"போனேன். மீன நான் திங்கலையே மச்சான், வித்தேன்."

போனை வைத்துவிட்டேன். அவனைத் திட்டுவதற்கு வாயில் வந்தது எதுவும் இங்கே எழுதத் தகுந்ததல்ல. ஆனால் அவனாவது குடத்தைத் தலையில் வைத்தான், வெயிலில் வெறுங்காலோடு நடந்தான். அவன் தலையை ஏழாகக் கூறுபோட்டு வாங்கினவர்களில் ஒருத்தன் நான். அவனைவிட நான் எந்த விதத்தில் உசத்தி?

செல்வியிடம் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"அவன் எந்தம்பிங்க. அவனப் பத்தி எனக்குத் தெரியாதா? அதான் நானே காப்புக் கட்டிப் பிள்ளைக்குப் பால்குடம் எடுத்துட்டேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? காசு அனுப்பிட்டேன், வீடியோ வந்துச்சான்னுதான கேட்டீங்க." சிரித்தாள்; அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "ஒங்க ரூமுல எல்லாரும் சைடு வேலை பாக்குறாங்கன்னு திட்டுவீங்களே. ஒங்களுக்கும் ஒண்ணு இருக்குங்க. கட்டடம் மெயினு. நாங்க சைடு. தெனம் போன்ல அரை மணி நேரம்."

நான் உங்களுக்காகத்தானே இங்கே கிடக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லாச் சைடு வேலைக்காரனும் சொல்லுகிற பதில் அதுதான். விழுங்கிவிட்டேன்.

"அப்ப எம் வேண்டுதல்?"

"எம் பங்கு முடிஞ்சிருச்சு. நீங்க வாய் தொறந்து சொன்னது அப்படியே கெடக்கு. பூசாரியக் கேளுங்க."

கேட்டேன். பூசாரிக்கு என்னைத் திட்டவும் மனமில்லை, விடவும் மனமில்லை. "நானே வாரேன்னு சொன்னது நீதானப்பா? ஒந்தலையிலதான் ஏறணும். இங்க வந்து, இந்த எல்லைக்குள்ள நின்னு, காப்புக் கட்டி எட்டு நாள் இரு. ஆத்தா அவசரப்பட மாட்டா. நீதான் ரொம்ப நாள் கழிச்சுராத."

வருகிற பங்குனிக்குப் போகிறேன். சம்பளமில்லாத லீவு மூன்று வாரம். திரும்பி வரும்போது வேலை இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். சூப்பர்வைசருக்கு வருத்தம். "உன் ஆளு ஆல்ரெடி செஞ்சிட்டானே? திருப்பி அவனையே அனுப்பு, சீப்பா முடியும்" என்று எனக்காக உண்மையிலேயே கவலைப்பட்டார். இல்லை, நானே போக வேண்டும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே லீவு ஃபாரத்தைத் தந்தார். நேற்று அதை ஆபீசில் உட்கார்ந்து நிரப்பினேன். மேலே முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் விடுதி எண்ணும் அறை எண்ணும் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. கீழே இன்னொரு கட்டம்: விடுப்பில் தங்கும் இடம். மேலே இருந்ததில் பாதிகூட இல்லை அது. அந்தக் கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி எழுத்தைச் சின்னதாக்கி, என் வீட்டு விலாசத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.